பழைய இன்ஜெக்ஷன் கார் ஓடும்போதே ஆஃப் ஆகிறதா? பாகம் மாற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஏழு மாதம், மூன்று ஷெட், பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய். இத்தனைக்கும் பிறகு என் வண்டியை அங்கங்கே நிறுத்திக்கொண்டிருந்தது, டேஷ்போர்டுக்குக் கீழே ஒளிந்திருந்த ஒரு ரிலேக்குள் (கரண்டை விட்டு நிறுத்தும் மின் சுவிட்ச்) விட்டுப்போயிருந்த சால்டரிங்தான் என்று தெரிந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு 150 ரூபாய். நீங்களாவது நேராக விஷயத்துக்குப் போகட்டுமே என்று இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2000 மாடல் பெட்ரோல் செடான். பின்பக்கம் பெருமையாக எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்த காலத்து வண்டி. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், கால் நூற்றாண்டு ஓடிய பிறகு ஒரு ரிலே போவதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எஸ்டீம், ஜென், சியலோ, முதல் தலைமுறை சிட்டி என்று அந்தக் காலத்து வண்டி எது வைத்திருந்தாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். கார்புரேட்டர் வண்டிக்குப் பொருந்தாது.

1. முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

சிரிக்காதீர்கள். எப்போதாவது வரும் கோளாறு ஷெட்டுக்குப் போனதும் வராது. காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் சாவியைத் திருப்பினால் வண்டி மாப்பிள்ளை மாதிரி ஸ்டார்ட் ஆகும், அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அதனால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எழுதுங்கள்: எத்தனை மணி, எவ்வளவு தூரம் ஓடியபின், ஏசி போட்டிருந்ததா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஓடிக்கொண்டிருந்ததா இல்லை சிக்னலில் நின்றிருந்ததா, மறுபடி ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் பிடித்தது.

என் நோட்டில் ஐந்து முறைக்குப் பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. எல்லாமே மதியம் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில். வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வெயிலில் காத்திருக்கும்போது இரண்டு முறை, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது மூன்று முறை. இரவில் ஒருமுறைகூட இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். இந்த ஒரு பக்கத்தை முதல் ஷெட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் பெட்ரோல் பம்ப் வாங்கிய காசு மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று, முடிந்தால் ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் செத்தாலும் சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கரண்ட் பக்கம் கோளாறு. இழுவை குறைந்து, திணறி, முள்ளும் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம். நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காசில்லாத துப்பு.

2. டிக்கியில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று. ரிச்சி தெருவில் 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைப்பதே போதும். ஸ்பார்க் பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று காட்டும் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று, நான் 180 கொடுத்தேன். டார்ச், பத்து எம்எம் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், அதே ஆம்பியரில் நாலு ஃபியூஸ், சின்ன தீயணைப்பான். ஆயிரத்து ஐநூறுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வண்டியில் சொருகி போனில் பார்க்கும் ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கிவிடாதீர்கள், நான் வாங்கி ஏமாந்தேன். இந்தியாவில் ஓபிடி (வண்டியே தன் கோளாறைப் பதிவு செய்து சொல்லும் ஏற்பாடு) கட்டாயமானதே 2010-இல்தான், இரண்டாம் கட்டம் 2013-இல். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் அந்த ஸ்கேனருக்குப் பதில் சொல்ல ஆளே கிடையாது, சிலவற்றில் அதைச் சொருகும் சாக்கெட்டே இருக்காது. வேறு வழி இருக்கிறது, ஐந்தாவதில் சொல்கிறேன்.

3. நின்ற அந்த இரண்டு நிமிஷம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். வண்டி நின்றதும் நாம் என்ன செய்கிறோம்? பதற்றத்தில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கிறோம், பின்னாலிருந்து ஹாரன் வேறு. ஆனால் கோளாறு தன் முகத்தைக் காட்டுவது அந்த இரண்டு நிமிஷம்தான். சூடு ஆறிவிட்டால் போய்விடும், அப்புறம் அடுத்த முறை நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஓரமாகத் தள்ளி, ஹசார்ட் விளக்கு போட்டு, இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் சாவியை ஆஃப் செய்துவிட்டு ஆன் மட்டும் செய்யுங்கள், செல்ஃப் வேண்டாம். செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? சில வண்டிகளில் அது இரண்டு விநாடி எரிந்து அணையும், சிலவற்றில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்வரை எரியும். உங்கள் வண்டியில் எப்படி என்று நன்றாக ஓடும் நாளிலேயே பார்த்து வையுங்கள். நின்றுபோன நேரத்தில் விளக்கு எரியவே இல்லையென்றால் ஈசிஎம்முக்கே, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கே, கரண்ட் போகவில்லை. ஃபியூஸ், மெயின் ரிலே (ஈசிஎம்முக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே), சாவி சுவிட்ச், எர்த் (பேட்டரி நெகட்டிவ்வை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் ஒயர்), இந்த நாலுக்குள்தான் விடை.

அடுத்து காது. அதே சாவி ஆனில், பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி ‘ஙீ...’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும், அதுதான் பெட்ரோல் பம்ப். பெரும்பாலான வண்டிகளில் சாவி போட்டதும் பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்கும், பிறகு இன்ஜின் சுற்றினால்தான் திரும்ப ஓடும். மணலி பக்கம் லாரி இரைச்சலில் இது கேட்காது, பின் சீட்டுக் குஷனில் கை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும்.

மூன்றாவது, ஸ்பார்க் டெஸ்டரை ஒரு பிளக் வயரில் மாட்டி யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.

இனி கணக்கு சுலபம். ஸ்பார்க் இருக்கிறது, பம்ப் சத்தம் இல்லை: பம்ப், அதன் ரிலே, ஒயரிங். பம்ப் ஓடுகிறது, விளக்கும் எரிகிறது, ஸ்பார்க் இல்லை: டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது), காயில் (அதற்கு வோல்டேஜை ஏற்றுவது), இக்னைட்டர் (காயிலை ஆன், ஆஃப் செய்வது) அல்லது க்ராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்வது). விளக்கு, பம்ப், ஸ்பார்க் மூன்றும் இல்லை: மேலே சொன்ன நாலு, முக்கியமாக மெயின் ரிலே அல்லது சாவி சுவிட்ச். என்னுடையது இந்தக் கடைசி வகை. மூன்றும் இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பெட்ரோல் வரும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், ஏழாவதுக்குப் போங்கள்.

எச்சரிக்கை: பிளக் வயரைக் கையில் பிடித்து பாடியில் காட்டி ‘கரண்ட் வருதா பார்’ என்று செய்வது அம்பாசிடர் காலத்துப் பழக்கம். இன்ஜெக்ஷன் வண்டியில் ஷாக் பலமாக இருக்கும், எர்த் கிடைக்காமல் திறந்த வெளியில் அடிக்கும் ஸ்பார்க் இக்னைட்டரையும் காயிலையும் கெடுத்துவிடும். மெக்கானிக் செய்தாலும் தடுங்கள். அதேபோல் ஈசிஎம் ஒயர்களில் பழைய பல்பு டெஸ்டரை வைக்க விடாதீர்கள், அந்த பல்பு இழுக்கும் கரண்டே உள்ளே எதையாவது சாகடிக்கலாம். மல்டிமீட்டர் மட்டும்.

4. காசே ஆகாத சோதனைகள்

அரை நாள் ஒதுக்குங்கள், வீட்டு வாசலிலேயே முடியும்.

சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, பீரோ சாவி, முருகன் டாலர் என்று கால் கிலோ தொங்குகிறதா? வருஷக்கணக்கில் தொங்கினால் சாவி சுவிட்சின் உள் காண்டாக்ட் தேய்ந்துபோகும், பள்ளத்தில் இறங்கும்போது ஒரு கணம் விடும். இன்ஜினை ஓடவிட்டுச் சாவியை லேசாக இடமும் வலமும் ஆட்டுங்கள். நின்றால் கண்டுபிடித்தாயிற்று.

எர்த். நம் ஏரியாவில் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி நிறுத்தும் வண்டிகளில் உப்புக்காற்று எர்த் ஒயரின் போல்ட்டைச் சத்தமில்லாமல் தின்கிறது. மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், கழற்றினால் கீழே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்ற வண்டி, இல்லை கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். அப்படியே பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பாருங்கள், ஓடும்போது 13.8-இலிருந்து 14.4 வரை வர வேண்டும்.

டேங்க் மூடி. ஒரு மணி நேரம் ஓடி நின்றால், மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே உறிஞ்சும் ‘புஸ்’ பலமாகக் கேட்கிறதா? காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்திவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள்.

வெளியில் போட்ட சாமான்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் ஓனர் மாட்டிய அலாரம், அதற்குள் இக்னிஷனை வெட்டும் ஒரு மலிவு ரிலே. இல்லை, எப்போதோ கேஸ் கிட் போட்டுக் கழற்றிய வண்டி: சிலிண்டரை எடுத்திருப்பார்கள், இன்ஜெக்டரை வெட்டும் சின்னப் பெட்டியை மட்டும் ஒயரோடு விட்டிருப்பார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய கத்தையைப் பார்த்தால் அங்கே நில்லுங்கள்.

5. செக் லைட் கண்சிமிட்டும் மொழி

அந்தக் காலத்து ஜப்பானிய வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே எதிலும் சேராமல் ஒரு குட்டி கனெக்டர் தொங்கும். அதன் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு ஒயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் செக் லைட் கண்சிமிட்டும். பல வண்டிகளில் நீளமான சிமிட்டல் பத்து, குட்டிச் சிமிட்டல் ஒன்று. நீளம் ஒன்று, குட்டி ஐந்து என்றால் 15. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் மாடலின் வொர்க்‌ஷாப் மேனுவலில் அந்தப் பக்கத்தையும் ஒயரிங் படத்தையும் பிரிண்ட் எடுத்து வண்டியிலேயே வையுங்கள். எந்த முனைகள் என்று உறுதியாகத் தெரியாமல் இணைக்காதீர்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி. ஷெட்டில் வண்டி போனதும் முதல் வேலையாக பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். பல வண்டிகளில் அந்தக் கோளாறு எண்கள் (கோடு) அத்தனையும் அதோடு அழிந்துவிடும். அதனால் கோடு எடுத்து, நோட்டில் எழுதி, அப்புறம்தான் சாவியைக் கொடுங்கள். கோடே இல்லையென்றால் அதுவும் தகவல்தான்: ஈசிஎம்முக்கே கரண்ட் நின்றால் அது எதைப் பதிவு செய்யும்?

6. கரண்ட் பக்கம் என்று தெரிந்தால்

மெயின் ரிலேயைக் கழற்ற ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான், ஆனால் தலைகீழாகப் படுத்துக் கை விட வேண்டும், அம்பது வயதுக்கு மேல் என்றால் பையனைக் கூப்பிடுங்கள். பிளாஸ்டிக் மூடியைத் திறந்து, போர்டின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தடித்த முனைகளைச் சுற்றி முடி மாதிரி ஒரு வட்டக் கீறல் தெரிந்தால் அதுதான். சூட்டில் விரிந்து விடும், ஆறினால் சேரும், அதனால்தான் மதியம் மட்டும் வரும். சால்டரிங் வேலைக்கு கார் ஆள் தேவையில்லை. நான் பழைய வண்ணாரப்பேட்டையில் டிவி, மிக்சி பார்ப்பவரிடம் கொடுத்தேன், பத்து நிமிஷம். புதிதாக வாங்கினால் 1,200-இலிருந்து 2,500 வரை கேட்டார்கள்.

கீறல் தெளிவாகத் தெரியவில்லையா? இன்ஜினை ஓடவிட்டு, ரிலேமீது ஹேர் டிரையரைக் காட்டுங்கள். என் தங்கையிடம் வாங்கியதில் நாலாவது நிமிஷம் இன்ஜின் நின்றது. ஏழு மாதத்தில் நான் சந்தோஷப்பட்டு வண்டி நின்றது அந்த ஒருமுறைதான். இக்னைட்டருக்கும் இதே வித்தை பலிக்கும், ஆனால் பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜின் பக்கம் டிரையரைக் கொண்டு போகவே வேண்டாம்.

ரிலே நன்றாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் காயில், இக்னைட்டர், சென்சார் எல்லாம் அதற்குள்ளேயே, இன்ஜின் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். குளிர்ந்தபோது ஒருமுறை, நின்ற சூட்டோடு ஒருமுறை காயிலின் ரெசிஸ்டன்ஸை அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். சூட்டில் அளவு எகிறினால் காயில் காலி. மழை நாளில் மட்டும் திணறினால் இருட்டில் பானெட்டைத் திறந்து பிளக் வயர்கள்மேல் தண்ணீரைப் பனிபோல் தெளித்துப் பாருங்கள், நீலப் பொறி ஓடும் வயரை மாற்றுங்கள்.

7. பெட்ரோல் பக்கம் என்றால்

பம்பை மாற்றாதீர்கள். அதாவது, உடனே மாற்றாதீர்கள். நான் 5,500-க்குப் பம்ப் வாங்கி, டேங்க் இறக்க 1,500 லேபர் கொடுத்தேன், பழைய பம்ப் நன்றாகவே இருந்தது. முதலில் ஃபில்டர்: கடைசியாக எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் மாற்றுங்கள், 400, 500-க்குள் முடியும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய டேங்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும், ரப்பர் ஹோஸையும் இளக்கும். ஹோஸ் மாற்றும்போது இன்ஜெக்ஷனுக்கான ஹை பிரஷர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், கார்புரேட்டர் ஹோஸ் மாட்டினால் வெடிக்கும், பானெட்டுக்குள் தீதான்.

அழுத்தத்தை கேஜ் மாட்டித்தான் பார்க்க வேண்டும், பல வண்டிகளில் இரண்டரையிலிருந்து மூன்று பார் வரை இருக்கும். ஷெட்டில் 300 வாங்குவார்கள், கொடுங்கள். நின்ற நேரத்தில் இருக்கும் அளவுதான் வேண்டும், அதனால் கேஜை மாட்டியபடியே சூடாகும்வரை நிறுத்தி ஓடவிடச் சொல்லுங்கள். பிரஷர் ரெகுலேட்டரின் (பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைப்பது) வேக்யூம் குழாயைப் பிடுங்கிப் பார்த்தால் அதில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது, இருந்தால் உள்ளே டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது.

8. சிக்னலில் மட்டும் நின்றால்

ஓடும்போது பிரச்சினையே இல்லை, பிரேக் போட்டு மின்ட் சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆஃப், ஏசி போட்டால் இன்னும் மோசம் என்றால் மேலே சொன்னது எதுவும் வேண்டாம். த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் காற்று போகும் வாய்) கரி, அல்லது ஐடில் வால்வு (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது காற்று விடுவது) ஒட்டிக்கொண்டிருக்கிறது. 300 ரூபாய் கிளீனர் ஸ்பிரே, ஒரு மணி நேரம். கூடவே வேக்யூம் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மை ஏற்றிக் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு வராதீர்கள், கோளாறு மறைந்துகொள்ளும்.

9. ஷெட்டிலும் கடையிலும்

எலக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று எல்லாக் கடையிலும் எழுதி வைத்திருப்பார்கள். ‘மாற்றிப் பார்ப்போம், இல்லையென்றால் திருப்பிக் கொடுப்போம்’ என்று மெக்கானிக் சொன்னால் அந்தக் காசு போனதுதான். புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் வாங்கப் போனால் பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போய் அதன்மேல் அச்சிட்ட பார்ட் நம்பரைப் பொருத்திப் பாருங்கள், கனெக்டர் ஒரே மாதிரி இருப்பதை நம்பாதீர்கள். ஈசிஎம் போய்விட்டது என்று ஒரு ஷெட்டில் 12,000 சொன்னார்கள். ஈசிஎம் கெடுவது அபூர்வம். அதற்கு வரும் கரண்டையும் எர்த்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள், காட்ட மாட்டேன் என்றால் வண்டியை எடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

10. ஆர்சி தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

என் வண்டிக்கு 15 வருஷம் 2015-இல் முடிந்தது, அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 2020, 2025. 15 வருஷம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000, இருபது தாண்டியதற்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி, பொல்யூஷன், இன்சூரன்ஸ் எல்லாம் தனி. புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 25-ஐத் தேதி முடிவதற்கு 60 நாள் முன்பே போடலாம். வண்டியை ஆர்டிஓ ஆபீசில் காட்ட வேண்டும், அங்கே வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும், அதாவது சரியாக நம் வண்டி நிற்கும் சூழ்நிலை. ஆகவே முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே கோளாறு தேடலைத் தொடங்குங்கள். பத்தாயிரம் கட்டலாமா, வண்டியை விட்டுவிடலாமா என்று முடிவெடுக்கவும் அந்த நேரம் வேண்டும்.

பொல்யூஷன் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்தான். பிஎஸ் 2-க்கு (பாரத் ஸ்டேஜ் என்ற மாசு விதிகளின் இரண்டாம் கட்டம்) முந்தைய பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம். பிஎஸ் 2, 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். போன முறையைவிடக் கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: டெம்பரேச்சர் சென்சார், ரெகுலேட்டர். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் எங்கோ மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. குழாயை உள்ளே விட்டு அளந்து கொடுக்கும் இடத்துக்குப் போங்கள், போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு சீட்டு தருபவரிடம் இந்தத் துப்பு கிடைக்காது. இந்த வயது வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் எடுக்கத்தான் வேண்டும்.

11. சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள், எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றியபின், நோட்டில் எழுதிய அதே மதியம், அதே சாலை, அதே ஏசி என்று குறைந்தது இரண்டு வாரம் ஓட்டுங்கள். முன்பு வாரத்துக்கு ஒருமுறை நின்றது என்றால் மூன்று வாரம். ஒரு வெயில் நாளில் கண்ணாடியை ஏற்றி இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அதிலும் தப்பித்தால் ஆர்சிக்குப் பணம் கட்டுங்கள். நான் அப்புறம் புதுப்பேட்டையில் அதே பார்ட் நம்பரில் இன்னொரு ரிலே 350-க்கு எடுத்து, அதற்கும் சால்டரிங் வைத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி டேஷ்போர்டு அறையில் போட்டு வைத்திருக்கிறேன், பத்து எம்எம் ஸ்பானரோடு.